அரைப்பேர்

ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம்.
அட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, இரும்புக்கடை மேல்மாடியில்
மூன்று மாதமாய் அந்த நாவலோடு குடித்தனம்.
குளிருக்கு ஜன்னல் சாத்தாதபோது
அதையே முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தயாரிப்பாளர் வெள்ளவத்தையிலிருந்து பேசுவார்:
“ரெண்டு மணி பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க தம்பி,
சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.”

மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடப்பதே
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
நடக்கிறார்கள், நடக்கிறார்கள்,
வாசிப்பவனுக்குக் கால் கடுக்கிறது.
படத்தில் நாலு நிமிஷம்.
சேற்றில் இரண்டு கால்கள்.
முள்ளில் சிக்கிய துணி.
வாந்திபேதி அத்தியாயம் முழுவதற்கும்
இருட்டில் ஒரு செம்பு உருளும் சத்தம்.

அப்புறம் இந்த மலை.
கதை நடப்பது கோப்பிக் காலத்தில்,
கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை.
கமெராவை எந்தப் பக்கம் திருப்பினாலும்
நாற்பது வருஷம் தப்பு.
பதினாறு நாள் அலைந்து
கொட்டகலையில் ஒரு வீட்டுக் கொல்லையில்
ஏழு கோப்பிச் செடி கண்டுபிடித்தோம்.
“ஒட்டி நின்னு எடுத்தா ஏழும் எழுநூறு” என்றான் துவாரகன்.
பின்னால் போன் கோபுரம். நீலத் தண்ணீர்த் தாங்கி.
பனி வந்து மறைக்கட்டும் என்று காத்திருந்தோம்.
வந்தது.
ஏழு செடியையும் சேர்த்து மறைத்தது.

நாவலில் பேருள்ள ஆட்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு.
ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு, சுவர் நிறைய ஒட்டினேன்.
பிறகு கிழிக்கத் தொடங்கினேன்.
சடையாண்டியையும் அவன் தம்பி ஒச்சப்பனையும் ஒரே ஆளாக்கினேன்:
அண்ணன் கோபம், தம்பி காதல்,
இரண்டு சாவில் ஒன்று மிச்சம்.
மூக்காயி பெற்ற ஐந்தும்
ஒரு வசனத்துக்குள் போய்விட்டன:
“எனக்கும் புள்ளைங்க இருந்துச்சு.”
துரையை மட்டும் கிழிக்க முடியவில்லை.
அவர் குதிரைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

எழுதியவர் இல்லை. மகள் பண்டாரவளையில் கணக்கு டீச்சர்.
உரிமைப் பத்திரத்தில் ஒப்பமிட்டுப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
“எழுநூத்தி மூணாம் பக்கத்துல வீரமலைன்னு ஒருத்தன்,
ஒரே வரி, பாலத்துலேருந்து விழுவான்.
அவனை வெட்டுறதா இருந்தா எனக்கொரு கோல் எடுத்துச் சொல்லிடுங்க.
அப்பா இட்டுக்கட்டாத ஆள் அவன் ஒருத்தன்தான்.”

படப்பிடிப்பு நாள். பெரட்டுக்களத்தில் நூற்றிருபது பேர்,
எல்லாரும் தோட்டத்து ஆட்கள்,
கொள்ளுப்பாட்டன்களாக நடிக்க நாள்கூலி,
கொழுந்துக்குக் கிடைப்பதைவிட முன்னூறு ரூபாய் கூட.
கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியக்கா வந்தார்.
“மத்தியானத்தோட நான் செத்துப்போறேனாமே,
அப்ப எனக்கு முழுப்பேரா, அரைப்பேரா?”

நிறை குறைந்தால் செக்ரோலில் விழுவது அரைப்பேர்.
பாதி நாள், பாதிக் காசு.
உதவியாளர்கள் சிரித்தார்கள்.
எனக்குச் சுவர் ஞாபகம் வந்தது:
பதினொரு முழுப்பேர்,
மற்றவர்களுக்கு அரையுமில்லை, பசை காய்ந்த இடம்.

“முழுப்பேர்தான்” என்றேன்.

சேற்றில் விழுந்து செத்தார், இரண்டாவது டேக்கில் சரியாக.
கழுவாத கையை முந்தானையில் துடைத்துச் சோறு தின்றார்.
மூன்று மணிக்கு என்னிடம் வந்து,
“பின்னேரமும் ஆள் வேணுமா?
கொசுவத்தை மாத்திச் சொருகுனா நான் வேற ஆளு” என்றார்.
நான் இரண்டு பேரை ஒருவராக்க மூன்று மாதம் எடுத்தவன்.
அவர் ஒரு நிமிஷத்தில், திரும்பி நின்று,
இரண்டாமவளாகி நடையில் சேர்ந்துகொண்டார்.

இரவு மாடிக்கு வந்தேன்.
கீழே கடைசி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.
வீரமலைச் சீட்டின் ஒரு மூலை கழன்று ஆடுகிறது.
டீச்சருக்கு இன்னும் கோல் எடுக்கவில்லை.